அந்தப் படத்தில் வந்தது என்ன வண்டி?



சென்ற மாதம் நம் சமுதாயக் கூடத்தில் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படம் போட்டோம் அல்லவா? டேவிட் லீன் இயக்கி 1962-இல் வந்தது. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் என்பதால் பலர் பாதியில் எழுந்து போய்விட்டீர்கள். ஆனால் முதல் சில நிமிடங்களை எல்லோரும் பார்த்தீர்கள். லாரன்ஸாக நடிக்கும் பீட்டர் ஓடூல் தன் மோட்டார் சைக்கிளைத் தயார்செய்து கிளப்பிக்கொண்டு போகிறார். வேகம் கூடுகிறது. எதிரே சைக்கிளில் இருவர். வண்டியை ஒடிக்கிறார், அவ்வளவுதான். அவருடைய கண்ணாடி மட்டும் ஒரு செடியில் தொங்குகிறது.

மறுநாள் காலை நடைப்பயிற்சியில் இதே பேச்சு. “அது பழைய புல்லட் சார்” என்றார் ஒருவர். “இல்லை, ட்ரையம்ஃப்” என்றார் இன்னொருவர். “நீங்களே பார்த்து எழுதிடுங்க சார்” என்று செயலாளர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

நான் பி.காம். படித்தவன், மெக்கானிக் இல்லை. ஆனால் வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் காசோலைக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்து அட்டையோடு வைத்துப் பார்த்தவன். அங்கே பெயரைப் படித்துப் பயனில்லை. சுழி, சாய்வு, முடிக்கும் இடம் மூன்றும் பொருந்த வேண்டும். பழைய வண்டிக்கும் அதே முறைதான்.

முதலில் இன்ஜின். 1955 முதல் மதராஸில் பூட்டப்பட்ட வண்டி என்பதால் நமக்குப் பழைய பிரிட்டிஷ் வண்டி என்றாலே புல்லட் ஞாபகம்தான் வரும். புல்லட்டுக்கு ஒற்றை சிலிண்டர், நேராக நிற்கும். ட்ரையம்ஃபின் பேர்பெற்ற வண்டிகளில் சிலிண்டர் இரண்டு. அவை பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், ஓரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். படத்து வண்டியில் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகச் சாய்ந்து, ஆங்கில ‘வி’ எழுத்துப் போல விரிந்திருக்கும்.

இரண்டாவது பெட்ரோல் டேங்க். பளபளவென்று மெருகேற்றி, முன்பக்கம் உருண்டு, சேணம் போலச் சட்டத்தின் மேல் கவிழ்ந்திருக்கும். மூன்றாவது முன் ஃபோர்க். இன்றைய வண்டிகளில் ஸ்பிரிங் குழாய்க்குள் ஒளிந்திருக்கும். இதில் வெளியே தெரியும்.

மூன்றும் பொருந்துகிற பெயர் ப்ரஃப் சுப்பீரியர். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் ஜார்ஜ் ப்ரஃப் என்பவர் 1919-இல் தொடங்கிய கம்பெனி. 1940-இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் சுமார் 3,000 வண்டிகள்தான் செய்திருந்தார்கள். அவற்றில் உயர்ந்த ரகம் எஸ்.எஸ். 100. மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் ஓடும் என்று உத்தரவாதம் கொடுத்தே விற்றார்கள். ஒவ்வொரு வண்டியையும் ஒருமுறை முழுவதும் பூட்டிப் பார்த்து, பிறகு பிரித்து, வண்ணம் பூசி, மறுபடி பூட்டுவார்களாம். எங்கள் வங்கியில்கூட இவ்வளவு சரிபார்த்தது இல்லை!

படத்தில் வரும் விபத்து கற்பனை இல்லை. நிஜ லாரன்ஸ் அடுத்தடுத்து ஏழு ப்ரஃப் சுப்பீரியர் வைத்திருந்தார், எட்டாவதுக்கு ஆர்டரும் கொடுத்திருந்தார். ஏழாவது வண்டியின் பதிவு எண் ஜி.டபிள்யூ. 2275. 1935 மே 13 அன்று அதில் ஏறி, பவிங்டன் ராணுவ முகாம் தபால் நிலையத்துக்குத் தந்தி கொடுக்கப் போனார். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் சொச்சம். திரும்பும்போது சாலையில் ஒரு மேடு பள்ளம், அங்கே சைக்கிளில் இரண்டு சிறுவர்கள். அவர்களைத் தவிர்க்க ஒடித்ததில் தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து மே 19 அன்று இறந்தார். வயது 46. பாலைவனத்தில் போரிட்டுத் தப்பியவர், தபால் நிலையம் போய் வந்ததில் போய்விட்டார்.

படம் காட்டாத பகுதி ஒன்று உண்டு. அவருக்குச் சிகிச்சை அளிக்க வரவழைக்கப்பட்டவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர் ஒருவர். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். லாரன்ஸைக் காப்பாற்ற முடியவில்லை, ஆனால் அவர் அதை அத்தோடு விடவில்லை. போர்க் காலத்தில் செய்தி கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் பலர் தலையில் அடிபட்டுச் சாவதைக் கணக்கெடுத்தார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் சாலை விபத்தில் இறந்த மோட்டார் சைக்கிள்காரர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களும் 2,279 பேர் என்று 1941-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். ஹெல்மெட் அணிந்து அடிபட்டவர்களாக அவர் பார்த்தது ஏழு பேர். ஏழு பேரும் பிழைத்தார்கள்.

அதே வருடம் நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் பணியில் வண்டி ஓட்டும் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே சட்டம் வந்தது 1973-இல். லாரன்ஸ் இறந்து 38 வருடம், கெய்ர்ன்ஸ் இறந்து 21 வருடம் கழித்து. நம் நாட்டில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவருக்குமே இதைச் சொல்கிறது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது என் ஹெல்மெட் ஷூ அலமாரியின் மேல் இருந்தது. நம் கேட்டிலிருந்து பால் பூத் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, “தெருமுனைக்குத்தானே” என்று அதை விட்டுவிட்டுப் போவேன். இத்தனை வருடமாக வீட்டில் சொல்லியும் நான் கேட்டதில்லை. லாரன்ஸும் பக்கத்துத் தபால் நிலையத்துக்குத்தான் போனார். ஒவ்வொரு நட்டையும் இரண்டு முறை சரிபார்த்த வண்டியில்தான் போனார்.

இப்போது ஹெல்மெட்டை வண்டிச் சாவிக்குப் பக்கத்திலேயே மாட்டிவைத்திருக்கிறேன். பார்க்கிங்கில் என்னை அது இல்லாமல் பார்த்தால், வயதுக்கு மரியாதை பார்க்காமல் நிறுத்திக் கேளுங்கள். நானும் உங்களைக் கேட்பேன்.