கல்கத்தாவில் அச்சேறிய கணக்கு

"அடுத்தது கல்லாறு" என்றால் எந்தக் கல்லாறு? பேச்சில் பொன்முடி அடிபட்டால் திருவனந்தபுரத்துக் கல்லாறு. மேட்டுப்பாளையம் வந்தால், நீலகிரி மலை ரயில் பல்சக்கரப் பாதையில் ஏறத் தொடங்கும் கல்லாறு. மட்டக்களப்பு என்றால் இலங்கை. இப்படி ஒரு சொல் தன் பொருளைச் சுற்றியுள்ள சொற்களிடம் கேட்டறிவதுதான் 'செல்ஃப் அட்டென்ஷன்'. சாட்ஜிபிடியின் உயிர்நாடி இது.

இதன் கணக்கு பழையது. எது நெருக்கமோ அதற்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி காண்பது. 1964இல் புள்ளியியலர்கள் இருவர், ஜார்ஜியாவின் நதராயாவும் ஆஸ்திரேலியர் வாட்சனும், தனித்தனியே இதை எழுதினார்கள். வாட்சனின் கட்டுரை வெளியானது எங்கே தெரியுமா? மகலனோபிஸ் தொடங்கிய கல்கத்தாவின் 'சாங்க்யா' புள்ளியியல் இதழில்!

ஐம்பது ஆண்டு கழித்து, 2014இல், மாண்ட்ரியலில் பயிற்சிக்கு வந்த பாதனாவ் என்ற மாணவருக்கு நீண்ட வாக்கியங்களைக் கணினியை மொழிபெயர்க்க வைப்பது தலைவலியானது. பள்ளியில் ஆங்கிலம் படித்தபோது இரு மொழி வாக்கியங்களுக்கிடையே கண் மாறி மாறி ஓடியது அவருக்குக் கைகொடுத்தது. கணினியும் அப்படி மூலச் சொற்களை எடைபோட்டுப் பார்க்கும் முறைக்கு அவர் வைத்த பெயர் 'தேடல்'. 'அட்டென்ஷன்' என்பது கடைசி நேரத்தில் அங்கிருந்த பேராசிரியர் பெஞ்சியோ சேர்த்தது.

2017இல் கூகுளின் எட்டுப் பேர், சொற்களை வரிசையாக ஒவ்வொன்றாகப் படிக்கும் பழைய உறுப்புகளைக் கழற்றிவிட்டு, சொற்கள் ஒன்றையொன்று கவனிக்கும் இந்த முறையையே மையமாக்கி 'டிரான்ஸ்ஃபார்மர்' கட்டினார்கள். அதை விவரித்த கட்டுரையின் தலைப்பைப் பீட்டில்ஸ் பாட்டிலிருந்து உருவினார்கள். ஆசிரியர் பட்டியலில் முதல் பெயர் ஆஷிஷ் வாஸ்வானி, ராஞ்சி அருகே மேஸ்ராவில் பொறியியல் படித்தவர்.

ஒரு சிக்கல்: ஒவ்வொரு சொல்லும் மற்றெல்லாச் சொற்களையும் பார்ப்பதால், பனுவல் இரட்டித்தால் இந்த வேலை நான்கு மடங்காகும். மலிவுப் பதிப்புகள் குவிந்தன. சில சொற்களை மட்டும் பார்ப்பது, தோராயமாகக் கணக்கிடுவது எனப் பல வித்தைகள். வென்றது 2022இல் ஸ்டான்ஃபோர்டின் ட்ரை டாவும் கூட்டாளிகளும் செய்த 'ஃபிளாஷ் அட்டென்ஷன்'. அது கணக்கின் விடையில் கைவைக்கவில்லை. நேரத்தைத் தின்றது கணக்கல்ல, சிப்புக்கும் நினைவகத்துக்குமான போக்குவரத்து என்று கண்டு, எண்களைச் சிறு கட்டங்களாகச் சிப்புக்குள்ளேயே வைத்து முடித்தது.

சென்னை ஐஐடியின் 'ஏஐ4பாரத்' 2023இல் வெளியிட்ட 'இண்டிக்டிரான்ஸ்2' 22 இந்திய மொழிகளை மொழிபெயர்க்கும் டிரான்ஸ்ஃபார்மர்தான். ஆனால் மாதிரிகள் உண்மையில் பார்ப்பது முழுச் சொற்களை அல்ல, அவற்றை நறுக்கிய துண்டுகளை; பொதுவான மாதிரிகள் பலவும் தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லைவிட அதிகத் துண்டுகளாக நறுக்குகின்றன. துண்டு இரட்டித்தால் கவனிக்கும் வேலை நான்கு மடங்கு என்ற கணக்கு நம்மையே முதலில் அடிக்கிறது. தமிழுக்கு மாதிரி செய்கிறவர்கள் கவனத்துக்கு முன் நறுக்கும் கத்தியைத் திருத்த வேண்டும்.