அடுப்படிப் புகையும் பிள்ளைகளின் முட்டும்

2022 டிசெம்பர் 8. கிளிநொச்சியில் அக்கா வீட்டில் நின்றேன். விடிந்தபோது வெளியெங்கும் பனிமூட்டம் போல் சாம்பல் நிறம் கவிந்திருந்தது. பொழுதுபட, அக்காவின் ஏழு வயது மகளுக்கு முட்டு இழுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே இழுபட்டது. ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்கு ஓடினோம்.

மறுநாள் நாடு முழுவதும் பாடசாலைகளை மூடினார்கள். மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்ற நேரம் அது. இந்தியப் பக்கமிருந்து காற்றோடு வந்த மாசுதான் காரணம் என்று அதிகாரிகள் விளக்கினார்கள். ஆனால் அன்றிரவு வைத்தியர் எங்களிடம் கேட்டது வேறு கேள்வி: "வீட்டில எதில சமைக்கிறீங்கள்? நுளம்புத்திரி கொளுத்திறனீங்களோ?"

அக்காவிடம் இரண்டுக்கும் பதில் இருந்தது. காஸ் கிடைக்காத அந்த வருடம் முழுவதும் விறகு அடுப்புத்தான். நுளம்புத்திரி ஒவ்வொரு இரவும்.

மூச்சுக்குழாயில் நடப்பது என்ன?

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய்கள் எப்போதும் சற்று வீங்கி, எளிதில் சினக்கும் நிலையில் இருக்கும். புகையோ தூசியோ பட்டால் அவற்றைச் சுற்றியுள்ள தசைகள் இறுகும், உட்சுவர் மேலும் தடிக்கும், சளி சுரக்கும். வழி ஒடுங்குவதால்தான் அந்த 'விசில்' சத்தம் வருகிறது.

மிகவும் கெடுதலானது பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள். தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் அதன் அளவு. மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம்வரை போய்விடும். உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் கூடுதலான காற்றைச் சுவாசிக்கிறார்கள். அவர்களின் நுரையீரலும் இன்னும் வளர்ந்து முடியவில்லை. தூசிப்பூச்சி, பூஞ்சணம், கரப்பான் போன்ற ஒவ்வாமைப் பொருட்களுக்கு உடல் காட்டும் எதிர்ப்பையும் புகை கூட்டிவிடுகிறது. வழமையாகத் தும்மலோடு நிற்கும் பிள்ளைக்கு, புகையும் சேர்ந்தால் இழுப்பு வரலாம்.

இந்த நுண்துகள் 24 மணிநேர சராசரியாக ஒரு கன மீற்றர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலங்கையின் சட்ட எல்லை 50.

புகை எங்கிருந்து வருகிறது?

2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு வீடுகளில் முக்கால் பங்குக்கும் மேலானவை விறகில் சமைத்தன. ஈர விறகும், புகைபோக்கி இல்லாத குசினியும் சேர்ந்தால் புகை வீட்டுக்குள்ளேயே தங்கும். ஒரு நுளம்புத்திரி எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரெட்டுகள் அளவுக்கு நுண்துகள் வெளியாகலாம் என்று 2003 இல் வெளியான ஆய்வு ஒன்று கணித்தது. அதை மூடிய அறையில், பிள்ளையின் தலைமாட்டில் வைக்கிறோம். இவற்றோடு முற்றத்தில் பொலித்தீனும் சேர்த்துக் கொளுத்தும் குப்பை, தாத்தாவின் சுருட்டு, கிரவல் வீதிப் புழுதி, அறுவடைக் காலத் தூசி.

என்ன செய்யலாம்?

எல்லோரும் காஸுக்கு மாறுங்கள் என்று எழுதுவது எளிது. சிலிண்டர் விலை தெரிந்தவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முடிந்தவை இவை: விறகைக் காயவைத்து எரித்தல், அடுப்பைக் காற்றோட்டமான பத்திக்கு மாற்றுதல், சமைக்கும்போது பிள்ளையைத் தள்ளி வைத்தல், திரிக்குப் பதிலாக நுளம்பு வலை, வீட்டை ஈரத்துணியால் துடைத்தல், குப்பையைப் புதைத்தல். மூட்டமான நாட்களில் பிள்ளையை வெளியே ஓடி விளையாட விடவேண்டாம்.

அடுத்தது மருந்து. "பம்ப் அடிச்சால் பிள்ளை அதுக்குப் பழகிப்போயிடும்" என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. அக்காவும் அப்படி நினைத்துத்தான் தடுப்பு மருந்தை இடையில் நிறுத்தியிருந்தாள். இன்ஹேலர் அடிமையாக்குவதில்லை. பெரும்பாலும் நீல நிறத்தில் வருவது உடனடி நிவாரணத்துக்கு. தினமும் எடுக்கச் சொல்லும் தடுப்பு மருந்து மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைப்பதற்கு. இழுப்பு இல்லாத நாளிலும் அதை எடுக்கவேண்டும். வைத்தியர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. எடுத்த பின் வாய் கொப்பளிக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு 'ஸ்பேசர்' குழாய் மூலம் கொடுத்தால்தான் மருந்து நுரையீரலுக்குச் சரியாகப் போய்ச் சேரும்.

விலாப்பகுதி உள்ளிழுபடுதல், ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலமாதல், நீலப் பம்ப் அடித்தும் குறையாமை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை பார்த்திருக்கவேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

2009 இல் செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கூடாரங்களுக்கு நடுவே மூன்று கல் வைத்துச் சமைத்தோம். அந்தப் புகையில் இரவிரவாக இருமிய பிள்ளைகளை நான் மறக்கவில்லை. அன்று எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று அக்காவின் அடுப்பு பின்பத்தியில் இருக்கிறது. கட்டிலுக்கு மேலே நுளம்பு வலை தொங்குகிறது. மகள் பள்ளிக்கூடப் பையில் பம்ப்பையும் வைத்துக்கொண்டுதான் போகிறாள்.