நோயாளியே பாடநூலான வரலாறு

குடும்பத்தில் ஒருவருக்கு மனம் பேதலித்துவிட்டால் நம்மவர் வீடுகளில் இரு குரல்கள் எழுவது வழக்கம். செபக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள் என்பார் ஒருவர். வைத்தியரிடம் காட்டி மருந்து எடுங்கள் என்பார் மற்றவர். வாதம் வளரும். நோயாளி என்ன சொல்கிறார் என்பதைக் கேட்க மட்டும் ஆளிருக்காது.

இந்த இழுபறி நமக்கு மட்டும் உரியதன்று. கிறிஸ்தவ நம்பிக்கையையும் உளவியலையும் ஒருசேரக் கற்ற துணையாளரைப் பயிற்றும் முயற்சி அமெரிக்காவில் வேரூன்றியதும் இத்தகைய இழுபறிக்கு நடுவேதான். அதற்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர், தாமே மனநோயாளியாக விடுதியில் அடைபட்டிருந்து மீண்ட ஒரு போதகர்.

அன்ரன் பொய்சன் 1876இல் இந்தியானா மாநிலத்திற் பிறந்தவர். 1920 ஒக்டோபரில், தமது சமய நம்பிக்கையை விளக்கும் அறிக்கையொன்றை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அவருடைய சித்தம் கலங்கிற்று. உலகத்துக்குப் பேரழிவு நெருங்கிவிட்டதென்ற எண்ணம் அவரை ஆட்கொண்டது. மாசச்சூசெற்ஸ் மாநில மனநோய் வைத்தியசாலைகளில் ஏறத்தாழ 15 மாதங்களைக் கழித்தார். உள்ளேயிருந்து அவர் கண்டவை இரண்டு. வைத்தியர்கள் உடலைப் பரிசோதித்தார்களேயன்றி நோயாளியோடு உட்கார்ந்து பேசவில்லை. ஞாயிறுதோறும் வந்த போதகர்களோ யாருக்குப் பேசுகிறோம் என்பதையே அறியாதிருந்தார்கள். வலது கண் இடறல் உண்டாக்கினால் அதைப் பிடுங்கி எறியச் சொல்லும் வேதவசனத்தை ஒருவர் பிரசங்கித்தபோது, தம் அருகிலிருந்த நோயாளிகளுள் எவரேனும் அதை அவ்வாறே செய்துவிடுவாரோ என்று பொய்சன் அஞ்சினாராம். இதைப் படித்து நாம் சிரிக்கலாம். அந்த விடுதியில் இருந்தவருக்கு அது சிரிப்புக்குரியதன்று.

குணமடைந்து வெளிவந்தவர் மீண்டும் கல்வியை நாடினார். ஹார்வர்ட் பல்கலைக்கழக வைத்தியப் பேராசிரியர் ரிச்சர்ட் கபொற் அவருக்குத் துணைநின்றார். வைத்திய மாணவர் நோயாளியின் படுக்கையருகே கற்பதுபோல இறையியல் மாணவரும் கற்கவேண்டும் என்பது கபொற்றின் கோரிக்கை. 1924இல் வூஸ்ரர் அரச வைத்தியசாலையின் ஆன்மீகப் பணியாளராகப் பொய்சன் நியமனம் பெற்றார். முன்னாள் நோயாளி ஒருவரிடம் அப்பொறுப்பை ஒப்படைக்கத் துணிந்த அதன் அதிபர் வில்லியம் பிறையனையும் நாம் இங்கு நினைவுகூர வேண்டும்.

1925 கோடையில் நான்கு இறையியல் மாணவர்கள் அங்கு வந்தனர். பகலில் விடுதிச் சிற்றூழியராக நோயாளிகளைப் பராமரிப்பதும், மாலையில் தாம் கண்டவற்றைக் கூடி ஆராய்வதுமே பயிற்சி. நோயாளிகளைப் பொய்சன் உயிருள்ள மனித ஆவணங்கள் என்றழைத்தார். பழைய ஏடொன்றை வாசிக்கும் பொறுமையோடு அவர்களையும் வாசிக்கவேண்டும் என்பது அவர் கருத்து. அந்நால்வருள் ஒருவரான ஹெலன் பிளாண்டர்ஸ் டன்பார் பின்னர் வைத்தியராகி, மனத்துக்கும் உடல்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து பெயர்பெற்றார். இப்பயிற்சியை வளர்ப்பதற்கான சபை 1930இல் பொஸ்ரன் நகரில் அமைக்கப்பட்டது.

ஆனால் அதே ஆண்டில் தாயார் இறந்தபின் பொய்சனுக்கு நோய் மீண்டது. கபொற் அவரைவிட்டு விலகினார். இருவருக்குமிடையே கருத்து வேறுபாடும் இருந்தது. மனநோயின் வேர் உடலில் என்றார் கபொற். சில வகை மனக்கலக்கங்கள், சிதறிய ஆன்மா தன்னை ஒன்றுசேர்க்கப் போராடும் போராட்டம் என்றார் பொய்சன். 1950களின் பின் வந்த மருந்துகள் எத்தனையோ பேரை வீடு சேர்த்துள்ளன என்பதால், பொய்சனை முற்றாக ஏற்பது நமக்கு இயலாது. எனினும் முதலில் கேள், பிறகு விளக்கம் சொல் என்னும் அவருடைய ஒழுங்கை எந்த மருந்தும் பழையதாக்கிவிடவில்லை என்பது நமது துணிபு.

1932இல் இலினோய் மாநிலத்து எல்ஜின் வைத்தியசாலைக்குப் பணிசெய்யச் சென்ற அவர் 1965இல் மறைந்தார். அதே 1965இல் கலிபோர்னியாவின் பசடீனா நகரிலுள்ள புல்லர் இறையியற் கல்லூரி உளவியற் பட்டப்பின் பள்ளியொன்றைத் திறந்தது. அதன் முதல் தலைவர் பேச்சுக் குறைபாட்டு ஆய்வில் புகழ்பெற்ற லீ எட்வேட் றவிஸ். உளச்சிகிச்சையில் கலாநிதிப் பட்டம் பெற விரும்பிய மாணவர் அங்கு இறையியலையும் கற்றாக வேண்டும். இம்முயற்சியை எல்லாரும் வரவேற்கவில்லை. வேதாகமம் ஒன்றே போதும், உளவியல் வேண்டாம் என்று வாதிட்ட ஜே அடம்ஸ் என்பவரின் நூல் 1970இல் வெளிவந்து பெரும் வாசகரைப் பெற்றது. நம் வீட்டு வாதம் அங்கே அச்சேறியது போலும்!

வூஸ்ரரில் தொடங்கிய பயிற்சிமுறை பின்னர் வேறு நாடுகளுக்கும் பரவிற்று. நாம் இன்று வாழும் நாடுகளின் பெரிய வைத்தியசாலைகள் பலவற்றில், கட்டிலருகே வந்து நலம் விசாரிக்கும் ஆன்மீகப் பணியாளர் இம்முறையிற் பயின்றவராக இருக்கக்கூடும். மதம் மாற்றுவது அவர் பணியன்று. சைவரோ கிறிஸ்தவரோ யாவரும் அவரை அழைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் தேவையெனில் அதைத் தாதியிடம் முன்னரே கேட்டுக்கொள்வது நன்று.