குரூயே ஊர் காத்த அமானிதம்



இன்று அல்பேனியாவின் ஒரு சின்ன மலையூரைப் பற்றி எழுதுகிறேன். ஊரின் பெயர் குரூயே. பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்கந்தர்பெக் என்ற தலைவன் நின்று போரிட்ட கோட்டை அங்கேதான் இருக்கிறது. நான் சொல்லப் போவது அந்தக் கோட்டையைப் பற்றியல்ல, அவ்வூரின் ஒரு முஸ்லிம் வீட்டையும் அதன் மாட்டுத் தொழுவத்தையும் பற்றி.

1939 ஏப்ரலில் இத்தாலி அல்பேனியாவைப் பிடித்தது. 1943 செப்டெம்பரில் இத்தாலி சரணடைய, ஜேர்மன் இராணுவம் உள்ளே வந்தது. நாட்டு மக்களில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். போருக்கு முன் அங்கிருந்த யூதர்கள் ஏறக்குறைய 200 பேர்தான். பிற நாடுகளிலிருந்து தப்பி வந்தவர்களோடு அந்த எண்ணிக்கை பல மடங்காகியிருந்தது.

அப்படி யூகோஸ்லாவியாவிலிருந்து தப்பி வந்தவர் மொஷே மண்டில். புகைப்படக் கலைஞர். மனைவி கப்ரியேலா, மகன் கவ்ரா, மகள் இரெனா. தலைநகர் திரானாவில் ஒரு ஸ்டுடியோவில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே தொழில் பழகிக்கொண்டிருந்த பதின்ம வயதுப் பையன்தான் ரெஃபிக் வெசெலி.

ஜேர்மனியர் வந்ததும், அந்தக் குடும்பத்தைக் குரூயேயிலுள்ள தன் பெற்றோரிடம் கூட்டிப் போக ரெஃபிக் முடிவெடுத்தான். கோவேறு கழுதைகளில் பயணம். இரவில் நடந்தார்கள், பகலில் குகைகளில் ஒளிந்தார்கள். வாப்பா வெசெலும் உம்மா ஃபாத்திமாவும் கதவைத் திறந்தார்கள். மொஷேயும் மனைவியும் தொழுவத்துக்கு மேலிருந்த சிறு அறையில் மறைந்திருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் வெசெலி வீட்டுப் பிள்ளைகளோடு வெளியே திரிந்தார்கள். சில காலத்தில் ரெஃபிக்கின் சகோதரர் இன்னொரு யூதக் குடும்பத்தையும் கூட்டி வந்தார். 1944 நவம்பரில் விடுதலை கிடைக்கும்வரை எல்லோரும் அங்கேயே இருந்தார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டு புதுப் பிள்ளைகள் தெருவில் விளையாடினால் அயல் வீட்டுக்குத் தெரியாமல் போகுமா? ஒரு வீடு கதவைத் திறந்தது, சுற்றியிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் அவர்கள் பிழைத்தார்கள். துப்பாக்கி இல்லாதவன் செய்யக்கூடிய எதிர்ப்பு இதுதான். ஆக்கிரமிப்பாளன் கேட்பதைக் கொடுக்காமல் இருப்பது.

அல்பேனியர் இதை 'பெஸா' என்பார்கள். கொடுத்த வாக்கு. உன் வாசலுக்கு வந்தவனின் உயிர் உன் பொறுப்பு. நமக்குப் பழக்கமான சொல்லில் சொன்னால் அமானிதம்.

ஆனால் 'முஸ்லிம்கள் என்பதால்தான் காப்பாற்றினார்கள்' என்று பெருமை பேசிவிட்டுப் போக வரலாறு விடாது. பக்கத்துக் கொசோவோவில், அதே மொழி பேசும், பெரும்பாலும் அதே மார்க்கத்தைச் சேர்ந்தவர்களைக் கொண்டு ஜேர்மனியர் அமைத்த ஸ்கந்தர்பெக் என்ற எஸ்எஸ் படைப்பிரிவு, 1944இல் பிரிஷ்தினாவில் யூதர்களைப் பிடித்துக் கொடுத்தது. ஒரே வீரனின் பெயர். அவன் கோட்டையின் நிழலில் ஒருவர் காப்பாற்றினார், அவன் பெயரைச் சூடிய படை காட்டிக் கொடுத்தது. மார்க்கம் நமக்குக் கட்டளையைத் தரும். அதை நிறைவேற்றுவது அவரவர் கையில்.

காஸா எரியும்போது இந்தக் கதை எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொல்லப்படுகிறவன் பக்கம் நிற்கவேண்டும் என்பதால்தான் நாம் பலஸ்தீனத்துக்காக அழுகிறோம். வெசெலும் ஃபாத்திமாவும் நின்றதும் அதே பக்கத்தில்தான். வந்தவன் எந்த இனம் என்று பார்த்துக் கதவைத் திறந்தால் அது அமானிதம் ஆகாது.

போருக்குப் பின் மொஷே ஊர் திரும்பிப் புகைப்படத் தொழிலைத் தொடங்கினார். ரெஃபிக்கை அழைத்துத் தன் வீட்டில் தங்கவைத்து, தொழிலை முழுமையாகக் கற்றுக் கொடுத்தார். அன்று சிறுவனாயிருந்த கவ்ராதான் பின்னாளில் இந்தக் கதையை உலகுக்கு எழுதினார். 1987இல் வெசெலி குடும்பத்துக்கு, அல்பேனியாவிலிருந்து முதன்முதலாக, யாத் வஷேம் அங்கீகாரம் கிடைத்தது. கவ்ரா எழுதியிராவிட்டால் அந்தத் தொழுவம் யாருக்கும் தெரிந்திருக்காது.

நம் நாட்டிலும் 1983 ஜூலையில் தமிழ் அயலவரை வீட்டுக்குள் ஒளித்து வைத்த முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேளுங்கள். யாரை ஒளித்தார்கள், யார் அவர்களை ஒளித்தார்கள் என்று. அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள். அதுவும் நம்மிடம் உள்ள ஓர் அமானிதம்தான்.