மலைக் காற்றும் இயந்திர மூச்சும்

மலையக வரலாற்றை எழுதியோர் கோப்பியைப் பற்றியும் தேயிலையைப் பற்றியும் விரிவாகப் பேசியுள்ளனர். அவ்விளைபொருள்களை மலைக்கும் கரைக்கும் இடையே சுமந்த வலுவினைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலரே. முதலில் மனிதத் தோள், பின்னர் மாட்டு வண்டி, அதன்பின் நீராவி, இறுதியாக டீசலும் பெற்றோலும் என அவ்வலு படிப்படியாக மாறி வந்தது. இம்மாற்றத்தின் ஒரு கூறினை, அதாவது மலையின் மெல்லிய காற்றில் இயந்திரத்துக்கு மூச்சளித்த கருவியின் வரலாற்றினை, நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

கொழும்பிலிருந்து புறப்பட்ட புகையிரதப் பாதை 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. பதுளையை அடைய 1924 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 44 அடி நீளத்துக்கு 1 அடி உயரும் சரிவுகளும், குறுகிய வளைவுகளும் நிறைந்த பாதை அது. அதன் உச்சி பட்டிப்பொலைக்கு அண்மையில் 1898 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. இச்சரிவை வெல்ல அன்று கையாளப்பட்ட வழி, வலுவைப் பெருக்குவதன்று, கூட்டுவதே. மலையேறும் வண்டித்தொடருக்குத் துணை இயந்திரம் ஒன்று பூட்டப்பட்டது. ஒரே கொதிகலனோடு இரு இயந்திரத் தொகுதிகளைக் கொண்ட காரற் இயந்திரம் 1927இலும், அவ்வினத்தனவே மேலும் சில 1945இலும் கொண்டுவரப்பட்டன.

நீராவி இயந்திரத்தை மலைக்காற்று பெரிதும் வருத்தவில்லை. அடுப்புக்கு வேண்டிய காற்றை, புகைபோக்கி வழியே பீறிட்டு வெளியேறும் நீராவியே உள்ளிழுத்துக் கொடுத்தது. ஆனால் எண்ணெய் இயந்திரங்களின் இயல்பு வேறு. அவை உருளைக்குள்ளேயே எரிபொருளை எரிப்பன. ஆதலின் உருளையில் எவ்வளவு காற்று அடங்குகின்றதோ அவ்வளவே அவற்றின் வலு. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்து அழுத்தத்தினும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் துள்ளி ஓடும் வண்டி ஹற்றனைக் கடந்ததும் களைப்பதன் காரணம் இதுவே.

காற்றைப் பலவந்தமாகச் செலுத்தும் கருவி இம்மலைகளுக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த றூட்ஸ் சகோதரர் 1860இல் இருசுழலி ஊதியொன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். அது உலைக்களங்களுக்குக் காற்றூட்டப் பயன்பட்டது. இயந்திர உருளைக்குள் காற்றை அழுத்திப் புகுத்தும் முறைக்கு 1885இல் ஜேர்மனியரான டைம்லர் காப்புரிமை பெற்றார். 1921இல் மெர்சிடிஸ் நிறுவனத்தார் சூப்பர்சார்ஜர் பூட்டிய மோட்டார் வண்டிகளைக் காட்சிக்கு வைத்தனர்.

இலங்கை மலைப்பாதைக்கு றூட்ஸ் ஊதி வந்த கதை சுவையானது. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நன்கொடையாக அளித்த டீசல் இயந்திரங்கள் 1954இல் வரத் தொடங்கின. ஒன்ராறியோ, அல்பேட்டா முதலாய கனடிய மாகாணப் பெயர்களைத் தாங்கிய அவை 1425 குதிரைவலு கொண்டன. அவற்றின் இயந்திரம் ஈரடிப்பு வகையினது. தானே காற்றை உறிஞ்சும் அடிப்பு அதற்கில்லை. எனவே எரிந்த புகையைத் துரத்திப் புதுக்காற்றை நிரப்பும் பணியை றூட்ஸ் ஊதியே ஆற்றியது. உலைக்களத்தின் துருத்தி, கோச்சியின் நுரையீரலாயிற்று எனலாம்.

வீதியின் வரலாறு இதற்கு இணையாகச் சென்றது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. 1948இல் அறிமுகமான லாண்ட் றோவர், பின்னர் தோட்டத்துரைமாரின் அடையாளமாகவே மாறிற்று. இன்று ஜீப்பு வண்டிகளுக்குச் சூப்பர்சார்ஜர் தொகுதியை வாங்கி வீட்டு முற்றத்திலேயே பூட்டுவோரும் உலகில் உளர். இயந்திரத்தின் சுழல்தண்டிலிருந்து பட்டியொன்று ஊதியைச் சுழற்றும். ஊதி காற்றைச் செறித்து அனுப்பும். காற்றை 1.25 மடங்கு செறித்தாலே நுவரெலியாவில் இழந்த அழுத்தம் மீளும். ஆயினும் அழுத்திய காற்று சூடேறும்; சூடேறினால் பெற்றோல் உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து உந்துதண்டைத் தாக்கும். மேலும், மலையில் அளவிட்ட எரிபொருள் கரைக்கு இறங்கியதும் போதாது. அங்கே காற்று செறிவு மிக்கது. ஏற்றத்துக்கு வலுவூட்டியோர் இறக்கத்துக்குத் தடுப்பினையும் சீர்செய்தல் வேண்டும். பூட்டும் கைக்கு மலையறிவும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வறிவு மலையகத்தில் எவரிடம் இருந்தது? துரையின் பெயர் ஏடுகளில் உண்டு. வண்டியைப் பழுதுபார்த்த தோட்டப் பட்டறைத் தொழிலாளியின் பெயர் இல்லை. பாதையமைக்கக் கல்லுடைத்தோரின் வழித்தோன்றல்கள் 1948இல் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் அவர்களுட் பலர் அதே பாதையால் தலைமன்னாருக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். இயந்திரம் எத்துணை மூச்சுப் பெற்றபோதும், கொழுந்துச் சுமை பெண்ணின் முதுகைவிட்டு இறங்கவில்லை.

ஆகவே மலையகத்தின் இயந்திர வரலாறு, வலுவின் வரலாறாக மட்டும் எழுதப்படலாகாது. ஓய்வுபெற்ற சாரதிகள், பட்டறைத் தொழிலாளர், தொழிற்சாலை இயந்திரகாரர் ஆகியோரின் வாய்மொழியை அவர்கள் வாழுங்காலத்திலேயே பதிவுசெய்தல் நம் மாணவரின் கடன். எஃகுக்கு மூச்சளித்த கைகளுக்கு வரலாற்றில் ஓர் இடம் அளிப்பது, காலந்தாழ்த்தாது செய்யவேண்டிய பணியாகும்.