பேரீச்ச மரத்தடியில் ஒரு பெண்

செய்தித்தாளும் வானொலியும் இல்லாத காலத்தில், பேரரசரின் குரலைக் குடிமக்களிடம் கொண்டுசென்றவற்றுள் காசும் ஒன்று. எழுத்தறியாதவனும் அதிலிருந்த உருவத்தைக் கண்டு செய்தியை அறிந்துகொண்டான்.

கி.பி. 66-இல் யூதேயாவில் உரோமை ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. அதை அடக்க நீரோ அனுப்பிய தளபதி வெஸ்பாசியான், 69-இல் தாமே பேரரசரானார். அவருடைய மகன் தீத்து 70-இல் எருசலேமைக் கைப்பற்றினார், திருக்கோவில் தீக்கிரையாயிற்று. மறு ஆண்டு உரோமையில் வெற்றி ஊர்வலம் நடந்தது. வெற்றியைப் பறைசாற்றும் காசுகளும் வெளிவந்தன.

அவற்றுள் 'செஸ்தெர்சியுஸ்' என்னும் பெரிய பித்தளைக் காசு ஏறக்குறைய 25 கிராம் எடையுள்ளது. ஒருபுறம் வாகை சூடிய பேரரசரின் தலை. மறுபுறம் நடுவே ஒரு பேரீச்ச மரம். அதனடியில் கன்னத்தில் கையூன்றித் துயருற்று அமர்ந்திருக்கும் ஒரு பெண். சில காசுகளில் மரத்தின் மறுபக்கம் கைகள் கட்டுண்ட கைதி நிற்கிறான். வேறு சிலவற்றில் ஈட்டி ஏந்திய பேரரசரே நிற்கிறார். சுற்றிலும் 'யூதேயா காப்தா', அதாவது 'யூதேயா பிடிபட்டது' என்னும் இலத்தீன் சொற்கள்.

யூதேயா நாடே அப்பெண்ணுருவில் அமர்ந்திருக்கிறது. அவளை வடித்தவர்களுக்கு அவள்மீது இரக்கம் இல்லை; தம் பெருமையைக் காட்டவே வடித்தார்கள். அந்தக் காசைக் கொடுத்து அப்பம் வாங்கியவர்களுள் எத்தனை பேர் அவள் முகத்தை உற்று நோக்கியிருப்பார்கள்?

132-இல் பார் கோக்பாவின் தலைமையில் யூதர்கள் மீண்டும் எழுந்தனர். புழக்கத்திலிருந்த உரோமைக் காசுகளின் மீதே தங்கள் அச்சைப் பதித்தனர். அவர்களுடைய வெண்கலக் காசுகளிலும் பேரீச்ச மரம் உண்டு. ஆனால் அதனடியில் அழுவார் எவருமில்லை. மறுபுறம் திராட்சை இலையும் விடுதலையைக் குறிக்கும் சொற்களும் இருந்தன. 135-இல் அந்த எழுச்சியும் நசுக்கப்பட்டது. எனினும் தோல்வியின் அடையாளமாகப் பொறிக்கப்பட்ட மரத்தை, தோற்றவர்களே நம்பிக்கையின் அடையாளமாக மீட்டெடுத்தது வரலாற்றில் நின்றுவிட்டது.

எருசலேமைக் கண்டு இயேசு அழுததை லூக்கா நற்செய்தியில் படிக்கும் நமக்கு, மரத்தடியில் இருக்கும் அப்பெண் அந்நியள் அல்லள். வென்றவரின் காசே அவளுடைய துயரத்தை இன்றுவரை காத்து வைத்திருக்கிறது. எந்த வெற்றிச் சின்னத்தைக் காணும்போதும், அதன் நிழலில் அமர்ந்திருப்பவர் யார் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.