ஊன்றும்போது பற்றுவது, எழும்போது விடுவது: யாக்னின் 1890 காப்புரிமை குறித்து ஒரு மறுவாசிப்பு

புறச்சட்டகங்களின் வரலாற்றை எழுத முனைவோருக்கு ஆரன் டாலரும் ஹ்யூ ஹெர்ரும் 2008-இல் வெளியிட்ட மதிப்பாய்வே இன்றும் முதல் வழிகாட்டி. கால்களுக்கான கருவிகளை அத்தனை கவனத்துடன் ஒரே இடத்தில் தொகுத்த வேறு கட்டுரை அதற்கு முன் இல்லை. அதற்கு நானும் கடன்பட்டவன். ஆயினும் அதன் அடிப்படைப் பாகுபாட்டை என்னால் ஏற்க இயலவில்லை.

உடல்நலமுள்ளவரின் திறனைப் பெருக்குவது புறச்சட்டகம். காலில் பாதிப்புள்ளவரை நடக்க வைப்பது இயங்கு தாங்கி. இப்படித்தான் அவர்கள் பிரிக்கிறார்கள். இரு சொற்களும் சில வேளை கலந்து வழங்குவதை அவர்களே சொல்லவும் செய்கிறார்கள். இன்றைய ஆய்வுக்கூடங்களை வகைப்படுத்த இது போதும். ஆனால் அணிபவர் யார் என்பதை வைத்துச் செய்த பிரிவைக் கடந்த காலத்தின் மீதும் ஏற்றும்போது, உறவில்லாதவை அண்டை வீடாகின்றன, உறவுள்ளவை பிரிந்துவிடுகின்றன. முதல் வரிசையின் தலையில் ரஷ்யரான நிக்கலஸ் யாக்னின் 1890 காப்புரிமைகள். அவற்றை அடுத்து 1960-களின் ஹார்டிமன் இயந்திரம். இரண்டாம் வரிசையின் தலையில் காப் 1935-இல் பெற்ற காப்புரிமை. அதன் வழியில் பெல்கிரேடில் உருவான சட்டகம். எனக்கு உறுத்துவது இந்த அடுக்குதான்.

யாக்னிடம் சற்று நிற்க வேண்டும். அமெரிக்கக் காப்புரிமை எண் 420179-இன் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘நடப்பதையும் ஓடுவதையும் குதிப்பதையும் எளிதாக்கும் கருவி’ என்று வரும். முதலில் நிற்பது நடை. வினைச்சொல்லோ ‘எளிதாக்குதல்’, பெருக்குதலோ மிகுத்தலோ இல்லை. டாலரும் ஹெர்ரும் இதை ஓட்டத்தையும் தாவலையும் மிகுக்க எழுந்த கருவியாகவே படிக்கிறார்கள். தலைப்பு அதைவிட அகலமானது. காப்புரிமைத் தலைப்புகள் உரிமையின் பரப்பை விரித்து வைத்துக்கொள்ள எழுதப்படுபவை என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. எனவே தலைப்பை விட்டு அமைப்புக்கு வருகிறேன்.

காலுக்கு இணையாக நீண்டதொரு வில். பாதம் தரையில் ஊன்றும்போது உடல் எடையை அது தாங்கித் தரைக்கு இறக்குகிறது. பாதம் எழும்போது விலகிக்கொள்கிறது. கால் தடையின்றி மடங்கி முன்னே வீசலாம். டாலரும் ஹெர்ரும் இதைத் துல்லியமாகவே விவரிக்கிறார்கள். பிற வரலாறுகள் வில்லுக்குப் பதில் அழுத்திய வாயுப் பைகளைச் சொல்வதுண்டு. ஒரே ஆண்டில் யாக்ன் ஒன்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றவர். இவ்வேறுபாட்டைப் பிழை என்று தள்ளாமல் பாடபேதம் என்றே கொள்கிறேன். ஆற்றலைச் சேமிக்கும் பொருள் மாறினாலும் அதை உடலுக்கு வெளியிலிருந்து எதுவும் ஊட்டுவதில்லை. கருவி செய்யப்பட்டு இயங்கிக் காட்டியதற்குச் சான்றில்லை என்று அவர்கள் சொல்வதும் சரியே. ஆனால் அந்த வில்லுக்குள் இருக்கும் கருத்து விசையைப் பற்றியது மட்டுமல்ல, எப்போது பற்றுவது, எப்போது விடுவது என்ற காலக்கணக்கும் அதில் இருக்கிறது. அந்தக் கணக்கைத் தரையைத் தொடும் பாதமே தீர்மானிக்கிறது.

ஹார்டிமனிடம் இது அறவே இல்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ரால்ஃப் மோஷர் உருவாக்கிய அந்த நீரழுத்த இயந்திரத்தின் எடை 680 கிலோ. விசையை 25 மடங்காக்குவது இலக்கு. உள்ளே இருப்பவர் அசைய, வெளிச்சட்டம் அவரைப் பின்பற்ற வேண்டும். இதன் மூதாதை அணுப்பொருள்களைத் தொலைவிலிருந்து கையாளப் பிறந்த இயந்திரக் கைகள். மோஷரே அதற்கு முன் ‘ஹேண்டிமன்’ என்ற அத்தகைய கையை உருவாக்கியவர். கடைசியில் ஒரு கையை மட்டுமே ஒழுங்காக இயக்க முடிந்தது. யாக்னுக்கும் இதற்கும் உள்ள உறவு, இரண்டையும் உடலோடு சேர்த்துக் கட்டுகிறோம் என்பது மட்டுமே.

மாறாக, காப்பின் கருவியைப் பாருங்கள். இடுப்பில் கைப்பிடி சுற்றி முறுக்கேற்றிய சுருள்வில். அதன் ஆற்றல் முழங்காலை மடக்கி நீட்டுகிறது. வில், கால், நடையின் கட்டம் என்ற மூன்றும் யாக்னிடம் உள்ளவை. வேறுபாடு ஒன்றே: எப்போது மடங்குவது என்பதை இங்கே முன்கூட்டியே வடித்த கேம் தட்டு முடிவு செய்கிறது. பெல்கிரேடின் மிஹாய்லோ புபின் நிறுவனத்தில் மியோமிர் வுகோப்ராடோவிச் குழு கால் செயலிழந்தோருக்காக உருவாக்கி 1972-இல் மருத்துவமனையில் சோதித்த காற்றழுத்தச் சட்டகமும் முன்வகுத்த நடையைத்தான் நடத்தியது. ஆக, கோடு கிழிக்க வேண்டிய இடம் நலமுற்றோருக்கும் பாதிப்புற்றோருக்கும் இடையில் அல்ல. நடையின் தாளத்தைத் தரையிடம் கேட்டறியும் கருவிக்கும், அதைத் தானே வைத்துக்கொள்ளும் கருவிக்கும் இடையில் அது விழ வேண்டும்.

இளம்பிள்ளை வாதம் பாதித்த காலுக்கு கேலிப்பர் போட்டு நடந்தவர்களைக் கண்டவர்களுக்கு இது எளிதில் புரியும். ஊன்ற வேண்டுமே என்று முழங்காலைப் பூட்டினால், வீசும்போதும் பூட்டியே இருக்கிறது. இடுப்பைத் தூக்கிக் காலைப் பக்கவாட்டில் வட்டமிட்டுக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. தாங்குவது அவர்களுக்குக் கிடைத்தது. விடுவது கிடைக்கவில்லை.

யாக்னுக்கும் காப்புக்கும் இடைப்பட்ட காலத்துச் சான்று மெலிந்தது. லெஸ்லி கெல்லியின் ‘பெடோமோட்டார்’ காலுக்கு இணையான செயற்கைத் தசைநார்களை முதுகிலிருந்த நீராவி எஞ்சினால் இழுக்கும் திட்டம். அதற்கு 1917 என்று சிலரும் 1919 என்று சிலரும் ஆண்டு தருகிறார்கள். முந்தையது விண்ணப்பம், பிந்தையது உரிமை வழங்கல். எதைத் தோற்ற ஆண்டாகக் கொள்வது என்பதை நான் தீர்க்க முயலவில்லை. யாக்னைப் படித்துக் கெல்லி செய்தார் என்றும் வாதிடவில்லை. ஒரே சிக்கல் ஒரே விடையைத் திரும்பத் திரும்ப வரவழைத்தது என்பதே என் துணிபு.

அதற்கு வலுவான சாட்சி மிகப் பிந்தியது. எம்.ஐ.டி.யில் ஹெர்ரின் குழுவே 2007-இல் 36 கிலோ சுமையைத் தரைக்கு இறக்கும் சட்டகம் செய்தது. அணிந்தவர் அதே சுமையை முதுகுப்பையில் சுமந்ததைவிட ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல் ஆற்றலைச் செலவிட்டார். மாறாக, 2015-இல் ஸ்டீவன் காலின்ஸும் கிரெகரி சாவிக்கியும் கணுக்காலில் ஒரு ஸ்பிரிங், ஒரு கிளட்ச் மட்டும் வைத்தார்கள். மோட்டார் இல்லை, மின்கலம் இல்லை. பாதம் ஊன்றியதும் கிளட்ச் ஸ்பிரிங்கைப் பற்றும், எழும்போது விடும். நலமுள்ளவர் நடக்கச் செலவிடும் ஆற்றல் 7.2 சதவீதம் குறைந்தது.

இங்கே என் வாதத்துக்கு எதிரானதையும் சொல்லியாக வேண்டும். யாக்னின் வில் காலின் முழு நீளத்துக்கும் இணையானது. காலின்ஸின் ஸ்பிரிங் கணுக்காலோடு நிற்பது. நடையில் ஊன்றிய கால் அதிகம் மடங்குவதில்லை. ஓட்டத்தில்தான் நன்றாக மடங்கி நிமிர்கிறது. முழுக்காலுக்குமான வில் ஓட்டத்தில் சேமிக்கும் அளவு நடையில் சேமிக்காது. இந்த ஒரு புள்ளியில், தலைப்பு என்ன சொன்னாலும், டாலர்-ஹெர் வாசிப்பின் பக்கமே இயந்திரவியல் சாய்கிறது. பற்றி விடும் பொறி பற்றி நான் சொன்னதை இது அசைக்கவில்லை. ஆனால் தலைப்பில் ‘நடை’யை முதலில் வைத்தபோது யாக்ன் எந்த நடையை மனத்தில் கொண்டிருந்தார் என்ற கேள்வியைத் திறந்தே வைக்கிறது.